எண்பது செயின் தூரம்

முதல் நாள், வியாழன்

"ஏம்மா, இந்த ஊர்ல தெருவே கிடையாதா?"

மிசிசிப்பிப் பாலத்தைத் தாண்டி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சரளை கொட்டிய ஒரு கிராமச் சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வாயைத் திறந்ததும் இந்தக் கேள்விதான் வந்தது.

நியாயமான கேள்வி. ஒரு வெள்ளை வீடு. பக்கத்தில் மரக் கொட்டகை, உயரமாக ஒரு சைலோ, அதாவது மாட்டுத் தீவனம் சேர்த்து வைக்கும் கோபுரம். வடக்கிலும் மேற்கிலும் மட்டும் காற்றுக்கு அணையாக ஒரு மரவரிசை. அதற்கப்புறம் அரை மைலுக்குக் கறுப்பு மண். இப்போது மே மாதம், மக்காச்சோளம் விரல் உயரம்தான் முளைத்திருக்கிறது. மறுபடி ஒரு வீடு, மறுபடி மண். அக்கம்பக்கம் என்பதே இல்லை. சரியாக ஒரு மைலுக்கு ஒரு குறுக்குச் சாலை, செங்கோணத்தில்.

அப்பா நில அளவைத் துறையில் 34 வருஷம் இருந்தவர். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்து வரப்பெல்லாம் அவர் கால் படாதது குறைவு. சிகாகோவில் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வருகிற எல்லா அப்பா அம்மாவையும் போல அவரையும் நயாகராவுக்குக் கூட்டிப்போனோம். "தண்ணி நிறைய வருது" என்றார், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "இவங்க எப்படி நிலத்தைப் பிரிச்சாங்கன்னு பாக்கணும்மா. டவுன் வேணாம்" என்றார். அதனால்தான் அயோவா மாநிலத்தின் கிழக்கில், சீடர் கவுண்டியில், நான்கு நாள். கவுண்டி என்றால் நம் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் நடுவே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 24 மைலுக்கு 24 மைல் சதுரம், மொத்த ஜனமே 18,500 சொச்சம்.

வண்டியை ஓரம் கட்டி, போனில் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

1785-ல் அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட சட்டத்திலிருந்து வருகிறது இந்தக் கட்டம். முதலில் 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 சதுரம். ஒவ்வொன்றும் ஒரு மைலுக்கு ஒரு மைல், 640 ஏக்கர், அதற்கு செக்‌ஷன் என்று பெயர். அதை நாலாய் மடித்தால் 160 ஏக்கர், இன்னொரு தடவை மடித்தால் 40. இன்றைக்கும் இங்கே விவசாயிகள் நிலத்தை 'நாற்பது' என்றே எண்ணுகிறார்கள். 36 சதுரங்களுக்கும் எண் போட்டிருக்கும் விதம்தான் அப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்தது. வடகிழக்கு மூலையில் 1, அங்கிருந்து மேற்கே 6 வரை, அதற்குக் கீழே 7, இப்போது கிழக்கு நோக்கி 12 வரை, பிறகு மறுபடி மேற்கே.

"ஏர் ஓட்டுற மாதிரி திரும்புது பாரு!"

ஆமாம், அப்படியேதான்.

"எதால அளந்தான்?"

கன்டர் சங்கிலி. 66 அடி, 100 லிங்க். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்.

அப்பா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது அதே 66 அடிச் செயினைத்தான். நாம் சென்ட் சென்ட்டாக மனை வாங்குவதும் அதே கணக்கில்தான்: ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். 17-ம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேயர் கண்டுபிடித்த இரும்புச் சங்கிலி ஒரு பக்கம் காவிரிப் படுகைக்கும் இன்னொரு பக்கம் மிசிசிப்பிக் கரைக்கும் போயிருக்கிறது. "ஆனா நம்ம ஊர்ல இருந்த வரப்பை அளந்தோம். ஒவ்வொரு புலமும் ஒவ்வொரு கோணல். மூலைவிட்டம் போட்டு, ஆஃப்செட் போட்டு உயிர் போயிடும். இவன் முதல்ல கோட்டைப் போட்டுட்டு அப்புறம் ஆளைக் கொண்டாந்து இறக்கியிருக்கான்" என்றார்.

ஆள் ஏற்கெனவே இருந்தார்கள் என்பதையும் சொன்னேன். சாக், மெஸ்குவாக்கி மக்களின் நிலம் இது. 1832-ல் பிளாக் ஹாக் என்ற சாக் தலைவர் நடத்திய போரில் தோற்ற பிறகு, மிசிசிப்பியின் மேற்குக் கரையை ஒட்டி ஏறக்குறைய 50 மைல் அகலத்துக்கு அவர்களிடமிருந்து எழுதி வாங்கினார்கள். 1833 ஜூன் 1-ம் தேதி வெள்ளையர் குடியேறலாம் என்று திறந்துவிட்டார்கள். 1836-ல் சங்கிலி வந்தது. அரசு விலை ஏக்கருக்கு 1.25 டாலர். 160 ஏக்கர் 200 டாலர். முதலில் போய் உட்கார்ந்து, குடிசை போட்டு, உழுதவனுக்கு வாங்கும் முன்னுரிமை என்று 1841-ல் சட்டம். குடியிருந்தால்தான் உரிமை. அவரவர் தங்கள் 160 ஏக்கரிலேயே வீட்டைப் போட்டுக்கொண்டார்கள். அப்பா கேட்ட தெரு இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

துரத்தப்பட்ட மெஸ்குவாக்கிகளில் ஒரு பகுதியினர் 1857-ல் திரும்பி வந்து, இதே மாநிலத்தில் டாமா பக்கம் 80 ஏக்கரை 1,000 டாலருக்கு விலை கொடுத்து வாங்கினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அப்பா மனக்கணக்கில் புலி. "ஏக்கர் பன்னெண்டரை டாலர். பத்து மடங்கு."

வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரில் அறை எடுத்திருக்கிறோம். கையோடு கொண்டுவந்த தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அப்பா தூங்கவில்லை. மோட்டல்காரர் வைத்திருந்த குறிப்புத் தாளில் 36 கட்டம் போட்டு நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் நாள், வெள்ளி

வெஸ்ட் பிராஞ்சுக்கு வருகிறவர்கள் பார்க்க வருவது ஒரே ஒரு வீட்டை. 14 அடிக்கு 20 அடி. இரண்டு அறை. அமெரிக்காவின் 31-வது ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர் 1874 ஆகஸ்ட் 10-ம் தேதி பிறந்த வீடு.

"280 சதுர அடி. முக்கால் சென்ட்டுக்கும் கம்மி" என்றார் அப்பா, வாசலிலேயே.

1871-ல் ஜெஸ்ஸி ஹூவர் தன் அப்பாவோடு சேர்ந்து கட்டியது. ஜெஸ்ஸி கொல்லர், குதிரைக்கு லாடம் அடிப்பவர். செங்குத்தாக நிறுத்திய பலகைகள், இரண்டு பலகைக்கு நடுவிலுள்ள இடுக்கை மறைக்க ஒல்லிச் சட்டம், மேலே வெள்ளைச் சுண்ண நிறம். உள்ளே ஒன்று படுக்கையறை, ஒன்று மற்ற எல்லாவற்றுக்குமான அறை. பெரிய கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த சின்னக் கட்டில் ஒன்று. ராத்திரி இழுத்துப் போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைப்பார்கள், காலையில் உள்ளே தள்ளிவிடுவார்கள். அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள். கோடையில் சமைக்கப் பின்னால் ஒரு சார்ப்பு.

இவ்வளவு மரம் புல்வெளியில் எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்டார். இந்தப் பக்கத்து வீடுகளின் கதையே அந்தக் கேள்வியில் இருக்கிறது. முதலில் வந்தவர்கள் ஆற்றோரக் காட்டை ஒட்டித்தான் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கும் வேலிக்கும் அடுப்புக்கும் மரம் வேண்டும். திறந்த புல்வெளியைப் பார்த்துப் பயந்தார்கள். வேர்ப்பின்னல் அடியோடு இறுகிய அந்த மண்ணைச் சாதாரணக் கலப்பை கிழிக்காது. கறுப்பு மண் ஒட்டாத எஃகுக் கலப்பை 1837-க்குப் பிறகுதான் இல்லினாயிலிருந்து வரத் தொடங்கியது. முதல் தலைமுறை உருட்டு மரங்களை அடுக்கிக் கட்டிய வீடுகளில் இருந்தது. பிறகு வடக்கே விஸ்கான்சின், மினசோட்டாக் காடுகளின் பைன் மரங்கள் தெப்பம் தெப்பமாக மிசிசிப்பியில் மிதந்து வந்தன. கரையோர ஊர்களில் அறுவை ஆலைகள். ரயிலும் வந்தது. அப்புறம் யார் வேண்டுமானாலும் அறுத்த சட்டத்தையும் ஆணியையும் வைத்து வீட்டை எழுப்பிவிடலாம் என்றாயிற்று. ஒரு கொல்லரும் அவர் தகப்பனாரும் போதும்.

எனக்குப் பிடித்தது இந்த வீட்டின் பின்கதை. ஹூவர் குடும்பம் இங்கே இருந்ததே எட்டு வருஷம். 1879-ல் இதை விட்டுவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பெரிய வீடு இன்று இல்லை; இடம் மட்டும் காட்டுகிறார்கள். சின்ன வீட்டை அடுத்து வாங்கியவர்கள் அதற்கு முன்னால் ஒரு மாடி வீட்டைக் கட்டி, இதைப் பின்கட்டாக ஆக்கிக்கொண்டார்கள். 1928-ல் ஹூவர் தேர்தலில் ஜெயித்து ஜனங்கள் பிறந்த வீட்டைத் தேடி வந்தபோது அவர்கள் பார்த்தது இன்னொரு வீட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த சமையலறையை. இந்த வட்டாரத்து ஓவியர் கிராண்ட் வுட் 1931-ல் வரைந்த படத்தில் அது அப்படியே இருக்கிறது: பளிச்சென்று மாடி வீடு, அதன் முன்னால் துணுக்காக ஒரு மனிதன் நின்று 'அதோ' என்று பின்பக்கத்தைக் கைகாட்டுகிறான். குடும்பத்தார் 1935-ல் வீட்டை வாங்கி, மாடி வீட்டை எடுத்துவிட்டு, பழையபடி இரண்டு அறையாக்கினார்கள். நாம் இன்று பார்ப்பது அதைத்தான்.

"அப்ப நடுவுல அம்பது வருஷம் இருந்தவங்க வீடு?" என்றார் அப்பா.

போயிற்று.

பக்கத்திலுள்ள கொல்லுப் பட்டறை 1950களில் பழைய மாதிரியில் புதிதாகக் கட்டியது. ஆனால் குவேக்கர்களின் தொழுகைக்கூடம் 1857-ல் எழுப்பிய கட்டடமேதான். குவேக்கர் என்பது கிறிஸ்தவத்தில் ஒரு தனிப்பிரிவு. பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, பலிபீடம் கிடையாது. எல்லாரும் வந்து மௌனமாக உட்கார்வார்கள். யாருக்காவது உள்ளே உந்தினால் எழுந்து பேசலாம், பெண்ணானாலும். நடுவே மரத் தடுப்பு. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். ஹூவரின் அம்மா ஹல்டா அப்படி எழுந்து பேசுவதற்குப் பெயர் பெற்றவர். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். சாய்மானம் முதுகைத் தூங்க விடாது. அப்பா பத்து நிமிஷம் அசையாமல் இருந்தார். எனக்கு மூன்றாம் நிமிஷமே கை போனைத் தேடியது.

ஹூவரின் அப்பா ஜெஸ்ஸி 1880-ல் இறந்தார், 34 வயது. ஹல்டா 1884-ல். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. உறவினர் வீடுகளில் ஆளுக்கொருவராகக் குழந்தைகளைப் பிரித்துக்கொண்டார்கள். 1885-ல் அவனை ரயிலேற்றி ஓரிகனில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஸ்டான்ஃபோர்ட், சுரங்கப் பொறியியல், ஆஸ்திரேலியா, சீனா, முதல் உலகப் போரில் பெல்ஜியத்துக்குச் சோறு போட்ட வேலை, வெள்ளை மாளிகை. பதவியேற்ற எட்டாம் மாதம் பங்குச்சந்தை சரிந்தது. வேலையும் வீடும் போனவர்கள் நகர ஓரங்களில் தகரமும் அட்டையும் வைத்துக் கட்டிக்கொண்ட குடிசைகளுக்கு 'ஹூவர்வில்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்குரியவர் 280 சதுர அடியில் பிறந்தவர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ.

சாயங்காலம் சமாதிக்கு ஏறினோம். 1964-ல் இறந்தவரை மேட்டில் புதைத்திருக்கிறார்கள், மனைவி லூவின் பக்கத்தில். வெள்ளைச் சலவைக்கல் இரண்டு, படுக்கை வாட்டில். பெயரும் தேதியும் மட்டும். ஜனாதிபதி என்ற சொல்கூட இல்லை. அங்கே நின்றால் நேர் எதிரே சரிவில் அந்தக் குட்டி வீடு தெரிகிறது. நடுவில் ஒரு மரம் மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை நிமிர்த்தி லைன் பார்த்தார். "சுத்தமா இருக்கு" என்றார். அவர் வாயால் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மூன்றாம் நாள், சனி

இன்றைக்குப் பார்க்கப் போனது இல்லாத ஒரு வீட்டை.

வெஸ்ட் பிராஞ்சுக்குக் கிழக்கே ஸ்பிரிங்டேல். ஊர் என்று சொல்ல ஒரு குறுக்குச் சாலையும் சில வீடுகளும். 1850களில் இது குவேக்கர்கள் நிறைந்த குடியிருப்பு. அடிமைமுறையை வெளிப்படையாக எதிர்த்தவர்கள். தெற்கே மிசௌரியில் அடிமைகள். அங்கிருந்து தப்பி வருகிறவர்களை ஒளித்து வைத்து, இரவோடு இரவாக அடுத்த வீட்டுக்குக் கடத்தி, கனடா வரை சேர்த்த ரகசிய வழியில் இதுவும் ஒரு நிறுத்தம்.

1857 டிசம்பரில் ஜான் பிரவுன் தன் ஆட்களோடு இங்கே வந்தார். கான்சாஸில் அடிமைமுறைக்காரர்களோடு ரத்தம் சிந்திச் சண்டை போட்டவர். நோக்கம் இங்கே தங்குவதல்ல. குதிரைகளையும் வண்டிகளையும் விற்றுக் காசாக்கிக்கொண்டு கிழக்கே போவது. ஆனால் அந்த வருஷம்தான் நாடு முழுக்கப் பணமுடை. வங்கிகள் மூடிக்கொண்டன, வாங்க ஆள் இல்லை. வில்லியம் மாக்ஸன் என்ற விவசாயி, வண்டியையும் குதிரையையும் எடுத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்கச் சோறும் படுக்கையும் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஓர் ஆளுக்கு வாரம் ஒன்றரை டாலர் கணக்கு. துணி வெளுப்பதும் கூடுதல் விளக்கும் சேராது. வரலாற்றில் எனக்கு எப்போதும் ருசிப்பது இந்த மாதிரிச் சில்லறைதான்.

மாக்ஸன் குவேக்கர் அல்ல. அதனால்தான் அவர் வீடு. குவேக்கர்களுக்கு அடிமைமுறை பாவம், ஆயுதமும் பாவம். சோறு போடுவார்கள், ஒளித்து வைப்பார்கள், துப்பாக்கியை மட்டும் தங்கள் கூரைக்குக் கீழே விடமாட்டார்கள். வந்தவர்களோ அந்தக் குளிர் முழுக்கப் போர்ப்பயிற்சி எடுத்தார்கள். மரத்தில் செய்த வாள்களை வைத்துக்கொண்டு, பனியில், ஸ்டீவன்ஸ் என்ற முன்னாள் சிப்பாய் சொல்லிக்கொடுக்க. ராத்திரியானால் பொய்ச் சட்டசபை நடத்துவார்கள்: சபாநாயகர், தீர்மானம், வாக்கெடுப்பு எல்லாம் உண்டு. அக்கம்பக்கத்துக் குவேக்கர்கள் வேடிக்கை பார்க்கப் போவார்களாம். அந்தக் கூட்டத்தில் அடிமையாயிருந்து தப்பிய ரிச்சர்ட்ஸன் இருந்தார், கவிதை எழுதும் ரியல்ஃப் என்ற ஆங்கிலேயர் இருந்தார். அகிம்சைக்காரர்கள் ஊரில் ஒரு சின்னப் படை, ஒரு பாராளுமன்றம்!

வரைபடம் எங்களை ஒரு பண்ணையின் பின்வாசலில் கொண்டுபோய் விட்டது. நாய் குரைத்தது. திரும்பி, இரண்டு தடவை தப்பான மூலையில் திரும்பி, கடைசியில் அப்பாதான் செக்‌ஷன் கணக்கு வைத்து வழி சொன்னார். சாலையோரம் ஒரு பெரிய கல். அதில் உலோகப் பலகை. இங்கே மாக்ஸன் வீடு இருந்தது, பிரவுனின் ஆட்கள் இங்கே பயின்றார்கள் என்று. சுற்றிலும் வயல். வீடு சாதாரணப் பலகை வீடு அல்ல, சுண்ணாம்பும் சரளையும் சேர்த்து அச்சில் வார்த்த கெட்டிச் சுவர். அதையே போன நூற்றாண்டில் இடித்தாயிற்று.

இந்த மண்ணில் வெகுநேரம் நின்றோம். 1858 வசந்தத்தில் அவர்கள் போனார்கள். 1859 பிப்ரவரியில் பிரவுன் மறுபடி வந்தார், இந்தத் தடவை மிசௌரியிலிருந்து விடுவித்துக் கூட்டிவந்த அடிமைக் குடும்பங்களோடு. கிளம்பும்போது 11 பேர். வழியில் ஒரு குழந்தை பிறந்து 12. ஸ்பிரிங்டேல் வீடுகளில் சில நாள் வைத்திருந்து, தெற்கே வெஸ்ட் லிபர்ட்டி ஸ்டேஷனில் ஒரு சரக்குப் பெட்டிக்குள் ஏற்றி சிகாகோவுக்கு அனுப்பினார்கள். மார்ச்சில் கனடா மண்ணில் கால் வைத்தார்கள்.

அந்த அக்டோபரில் வர்ஜீனியாவில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கின்மேல் தாக்குதல். உள்நாட்டுப் போருக்கு முன்னால் விழுந்த இடி. அதில் ஸ்பிரிங்டேல் பையன்கள் இரண்டு பேர், கோப்பாக் சகோதரர்கள், குவேக்கர் வீட்டில் வளர்ந்தவர்கள். அண்ணன் எட்வின் பிடிபட்டு டிசம்பர் 16-ம் தேதி தூக்கிலிடப்பட்டான். தம்பி பார்க்ளே தப்பி, மலை வழியாக நடந்து, இந்த ஊருக்கே வந்து சேர்ந்தான். அவனை ஒப்படைக்கச் சொல்லி வர்ஜீனியா ஆள் அனுப்பியது. அயோவா ஆளுநர் கர்க்வுட், மனுவில் சட்டப்படி இன்னின்ன இல்லை என்று குறை கண்டுபிடித்துத் திருப்பிவிட்டார். அதற்குள் பையனை நண்பர்கள் ஊர் கடத்திவிட்டார்கள்.

இன்னொரு கதை அப்பாவை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்னால், ஸ்பிரிங்டேல் குவேக்கர் ஒருவர் வாயிலாக விஷயம் தெரிந்துகொண்ட டேவிட் கியூ என்ற இளைஞர், போர்த்துறை அமைச்சர் ஃபிளாய்டுக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினார். பிரவுனைக் காட்டிக்கொடுப்பது நோக்கமல்ல. காவலைப் பலப்படுத்தினால் அவர்களே கைவிட்டுவிடுவார்கள், உயிர் பிழைக்கும் என்ற கணக்கு. அமைச்சர் கடிதத்தை வாங்கிப் படித்தார், ஒன்றும் செய்யவில்லை.

"மொட்டைப் பெட்டிஷன்னா அப்படித்தான். நானே எத்தனை பாத்திருக்கேன்" என்றார் அப்பா. அவர் ஆபீஸ் நினைவு அவருக்கு.

திரும்பும் வழியில் ஒரு விஷயம் கண்ணில் பட ஆரம்பித்தது, பட்டதும் நிறுத்த முடியவில்லை. வயல் நடுவே லைலாக் புதர்கள், ஊதாவாகப் பூத்துக்கொண்டு. காட்டுச் செடி அல்ல. வாசலில் யாரோ வைத்து வளர்த்தது. பக்கத்தில் சில சமயம் இடிந்த சைலோ. பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகப் பெரிதாக, மூன்று வீடு இருந்த இடத்தில் ஒரு வீடு போதும் என்றாகிவிட்டது. மற்ற வீடுகளை இடித்து உழுதுவிட்டார்கள். லைலாக் மட்டும் ஒவ்வொரு மே மாதமும் வாசலைக் காட்டிக்கொடுக்கிறது. அரை மணியில் நான் ஏழு எண்ணினேன். அப்பா ஒன்பது என்கிறார்.

நான்காம் நாள், ஞாயிறு

வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு நிறைய இடம்.

காலையில் கவுண்டியின் வடகிழக்கு மூலையில் லோடன். ஜெர்மானியர் குடியேறிய ஊர். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் முதல் மோட்டார் சாலையான லிங்கன் நெடுஞ்சாலை 1913-ல் அறிவிக்கப்பட்டு இந்த ஊர் வழியாகப் போயிற்று. இரண்டு வருஷத்தில் வழிப்போக்கருக்காக லிங்கன் ஹோட்டல் எழுந்தது. 1915-ல் கட்டிய அந்தச் செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. படம் எடுத்துக்கொண்டோம். 1918 மே மாதம் அயோவா ஆளுநர் ஹார்டிங் ஓர் ஆணை போட்டார்: பொது இடத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும் கோயிலிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது. முதல் உலகப் போர்க் காய்ச்சல். பக்கத்து ஸ்காட் கவுண்டியில் தொலைபேசியில் ஜெர்மன் பேசிய பெண்களுக்கு 225 டாலர் தண்டம் போட்டார்கள். வண்டியில் அப்பாவும் நானும் அதைத் தமிழில் பேசிக்கொண்டு போனோம்.

பிறகு டிப்டன், கவுண்டியின் தலைநகர், 3,100 பேர். 1931-ல் இங்கே பசு யுத்தம் நடந்தது. நிஜமாகவே அதுதான் பெயர். கறவை மாடுகளுக்குக் காசநோய்ச் சோதனை கட்டாயம் என்று சட்டம். சோதனையால் மாடு சினை கலைகிறது, நோய் என்று சொல்லி அடிமாட்டு விலைக்குப் பிடுங்குகிறார்கள் என்று விவசாயிகளுக்குக் கோபம். ஏற்கெனவே சோளம் விற்றுக் கிடைக்கும் காசு கைக்கும் வாய்க்கும் போதாத காலம். மாட்டு டாக்டர்களையும் கூடவந்த போலீஸையும் நூற்றுக்கணக்கில் கூடி விரட்டினார்கள். செப்டம்பரில் ஆளுநர் தேசியக் காவற்படையை, ஏறக்குறைய 2,000 பேரை, அனுப்பினார். சிப்பாய் துப்பாக்கியோடு நிற்க, டாக்டர் மாட்டுக்கு ஊசி போட்டார். முன்னால் நின்ற விவசாயிகள் இருவர் சிறைக்குப் போனார்கள். அப்போது வெள்ளை மாளிகையில் இருந்தவர் இதே கவுண்டியில் பிறந்த ஹூவர். சோதனை சரிதான், பாலால் குழந்தைகளுக்கு நோய் பரவியது உண்மை. ஆனாலும் மாட்டுக்கு ஊசி போட ராணுவம் வந்த ஊர் என்பதை அப்பாவால் நம்ப முடியவில்லை. "தாசில்தார் போய்ப் பேசியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மத்தியானம் ராச்செஸ்டர் கல்லறைத் தோட்டம். நான்கு நாளில் நான் மறக்கமாட்டாத இடம்.

சீடர் ஆற்றின் பக்கம், மணல் மேடு, 13 ஏக்கர். 1830களில் வந்த முதல் குடியேறிகள் தங்கள் இறந்தவர்களுக்கு ஒதுக்கிய நிலம். ஒதுக்கியதாலேயே யாரும் உழவில்லை. அயோவா பெரும்பாலும் புல்வெளியாக இருந்த நாடு. இன்றைக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. மிச்சமானவற்றில் ஒன்று இங்கே, செத்தவர்கள் காவலில். மாபெரும் ஓக் மரங்கள், கிளையை விரித்துப் போட்டுக்கொண்டு. கீழே கல்லறைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு பூ, இதழ்களைப் பின்னால் மடக்கி, மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு. எரிநட்சத்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விழுகிற மாதிரிதான் இருக்கிறது. பிரெஞ்சு நாடக ராணி சாரா பெர்னார்ட்டின் அம்மா இங்கே புதைந்திருக்கிறாள் என்று ஒரு பழைய கதை உலவுகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் இப்படி ஓர் இடத்துக்கு அப்படி ஒரு கதை கிளம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உள்ளூரில் சண்டையும் உண்டு. புல்லை மழித்துச் சுத்தமாக வைக்க வேண்டும், தாத்தாவின் கல் தெரிய வேண்டும் என்று ஒரு கட்சி. தாத்தா வந்தபோது பார்த்த புல் இது, வெட்டாதே என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சிதான், ஆனால் என் தாத்தா அங்கே இல்லை.

அப்பா ஓர் ஓக் மரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சர்வேக்காரர்கள் மூலைக் கம்பம் நட்டதும் பக்கத்து மரத்தில் கோடாலியால் சிராய்த்து, என்ன மரம், எவ்வளவு பருமன், எந்தத் திசை, எத்தனை லிங்க் என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். அதற்குச் சாட்சி மரம் என்று பெயர் என்று சொன்னேன். மரமே இல்லாத புல்வெளியில் மண்ணைக் குவித்து மேடு போட்டு அதில் கம்பத்தை நடுவார்கள். 'இங்கே ஓக், இங்கே புல், இங்கே சதுப்பு' என்று அவர்கள் மைலுக்கு மைல் எழுதி வைத்த குறிப்பைத்தான் உழவுக்கு முன்னால் இந்த நாடு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் புரட்டுகிறார்கள்.

"சாட்சி மரம்" என்று அப்பா ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சிகாகோ திரும்பும் வழி. சரளைச் சாலைகள் சந்திக்கும் ஒரு மூலையில், "நிறுத்தும்மா" என்றார். செக்‌ஷன் மூலை. அடையாளக் கல் சாலைக்கு அடியிலேயே எங்கேயோ புதைந்திருக்க வேண்டும். அப்பா செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு ஷூ மாட்டிக்கொண்டார். அளவு எடுக்கச் செருப்பு ஆகாதாம். எட்டு ஒன்றுக்கு இரண்டரை அடி, அது அவர் காலில் பதிந்த கணக்கு. கால் மைல், அதாவது 20 செயின், ஒரு 'நாற்பதின்' ஒரு பக்கம். 528 எட்டு வர வேண்டும். வேலி திரும்பும் தூண் வரை நடக்கப் போகிறேன் என்றார்.

நான் வண்டியை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். எழுபத்தொரு வயசு, தலையில் என் மகனின் பேஸ்பால் தொப்பி, கை வீச்சு மாறாமல். ஒரு பிக்கப் வண்டி எதிரே வந்து நின்றது. ஓட்டிவந்த கிழவர், வண்டி ரிப்பேரா, உதவி வேண்டுமா என்று கேட்டார். எண்ணிக்கை தவறிவிடும் என்று அப்பா வாயைத் திறக்காமல் கையை மட்டும் அசைத்துக் கடந்துபோனார். நான்தான் விளக்கினேன். கிழவர் சிரிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூணைத் தொட்டு நின்றார் அப்பா.

"531."

மூன்று எட்டு கூட. ஏழரை அடி.

"பரவால்லப்பா, வயசாச்சு, எட்டு குறுகியிருக்கும்."

"இருக்கலாம். இவனுங்களுக்கும் மைலுக்கு இவ்வளவுன்னு காண்ட்ராக்ட் கூலிதானே, செயினை எப்படி இழுத்தானோ." குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டார். "தப்பு யாருதுன்னு திரும்பி நடந்தாத்தான் தெரியும். நீ வண்டிய ரிவர்ஸ் எடு."